புகை வெளியே போகக் கூடாது

"பொகை வெளிய போவக் கூடாதுங்க. சத்தமும் கேக்கக் கூடாது. உள்ள ஒரு வேலை நடக்குதுன்னே பக்கத்துல தெரியக் கூடாதுங்க. அப்படி ஒரு மெசினு இருந்தாக் காட்டுங்க."

இளஞ்செழியன் நிமிர்ந்து பார்த்தார். லேசரில் எழுத்துப் பொறிக்கிறவர்களுக்குப் புகை உறிஞ்சும் மெஷின் வேண்டுமென்றால், சூரமங்கலத்தில் இருக்கும் அவர் கடையைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அப்புறம் தள்ளுபடியைக் கேட்பார்கள். இந்த ஆள் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

"எந்த ஊரு தம்பி?"

"நாமக்கல் பக்கம் சேந்தமங்கலமுங்க. பேரு கதிர்வேலு. ஊட்டுக்குப் பின்னால ரூம்புல லேசர் மெசினு போட்டிருக்கறேன். பெயிண்ட் பொகை லென்ஸ்ல படிஞ்சு, எத்தனை தொடைச்சாலும் கடைசி எழுத்து மட்டும் மங்கிப் போவுதுங்க."

"ஜன்னல்ல குழாய் வெச்சுப் புகையை வெளியே தள்ளிடலாமே? அந்த மாடல் சல்லிசா வரும்."

"ஐயோ, வேண்டாமுங்க!" கதிர்வேல் பதறினான். "வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

"அப்படி என்னதான் அடிக்கிறீங்க?"

"தகடுங்க. பேரு, நம்பரு, கேக்கறதை அடிச்சுக் குடுத்துருவேன். எதுக்குன்னு மட்டும் யாரையும் கேக்கறதில்லீங்க."

நம்பர்! இளஞ்செழியனுக்குப் பொறி தட்டியது. திருட்டு லாரிகளுக்குச் சேஸிஸ் நம்பரை மாற்றி விற்கிற கும்பல் ஒன்று நாமக்கல் பக்கம் சுற்றுகிறது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. வந்தவன் அக்குளில் ஒரு துணிப்பையை வேறு இடுக்கிக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னபோதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. அவன் அசைந்தால் பைக்குள் தகரச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வணிகர் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கும் இளஞ்செழியன், 'நேர்மையே நம் முதலீடு' என்று நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருந்தார். எதிர்த்து நிற்பவரின் கை ஓங்கியிருப்பதாகக் கேள்வி. இந்த நேரத்தில் ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால்? பேப்பரில் போட்டோ வரும். நோட்டீஸுக்கு வேலையே இருக்காது.

"இருங்க தம்பி, டீ சொல்லிட்டு வர்றேன்" என்று உள்ளே போய், எஸ்.ஐ. மைதிலிக்குப் போன் போட்டார். டீயும் சொன்னார். உள்ளே போகப் போகிறவன், ஒரு டீயாவது குடிக்கட்டும்.

மைதிலி வரும்வரை ஆளை நிறுத்தி வைக்க வேண்டும். அப்படியே வியாபாரமும் முடிந்தால் கசக்குமா என்ன? கண்ணாடி அறைக்குள் சுவரை ஒட்டி நின்ற மெஷினின் உறையைப் பக்குவமாகக் கழற்றினார்.

"இது ஜெர்மனி. மூணு அடுக்கு ஃபில்டர், கடைசி அடுக்கு கரி. புகை, வாடை ரெண்டையும் உள்ளேயே குடிச்சிரும். ஓடறதே தெரியாது."

"நம்மூரு மெசினு போதாதுங்களா?"

"நம்மூரு சாமான் ஆறு மாசத்துல அதுவே இருமும் தம்பி. இது ஒரிஜினல். பின்னாடி தகடே இருக்கு."

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று கதிர்வேல் தலையாட்டினான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இளஞ்செழியன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், புகையும் சத்தமும் பக்கத்துக்குத் தெரியக் கூடாதாம். ஏன்னு கேளுங்க!"

மைதிலி கேட்டார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கதிர்வேல் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மாமனாரு கோழிப்பண்ணை வெச்சிருக்கறாருங்க மேடம். செவுத்துக்கு அந்தப் பக்கம் பூராக் கோழிதானுங்க. பொகை போனாலும், சத்தம் கேட்டாலும் மெரண்டு முட்டை போடாதுங்க. ஒரு முட்டை கொறஞ்சாலும் மெசினத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்னு சொல்லிப்போட்டாருங்க."

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் நாமக்கல்காரர். கோழியின் குணமும் தெரியும், மாமனார்களின் குணமும் தெரியும்.

"நம்பற மாதிரிதானே சார் இருக்கு?"

"கதை விடறான் மேடம்! பையில என்ன இருக்குன்னு பாருங்க!" இளஞ்செழியன் தாமே பாய்ந்து பையைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தார். தகடுகள் பளபளவென்று சரிந்து விழுந்தன.

"பார்த்தீங்களா? அத்தனையும் நம்பர் தகடு! ஒரு போட்டோ எடுத்துரலாமா மேடம்?"

மைதிலி ஒரு தகட்டை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே நம்பர். கண்ணாடி அறைக்குள் உறை கழற்றி நின்ற மெஷினின் முன்பக்கத்திலும் அந்தப் பெயர். நேராக உள்ளே போய், சுவரை ஒட்டியிருந்த மெஷினை இழுத்துத் திருப்பினார். அதன் முதுகிலும் அதே தகடு, அதே பெயர், அதே நம்பர். 'மேட் இன் ஜெர்மனி' என்பதில் கடைசி எழுத்து மட்டும் மங்கல்.

"வந்து படிங்க சார்" என்றார்.

இளஞ்செழியனுக்குப் படிக்காமலே தெரியும். நம்மூர் மெஷினில் ஒட்ட ஜெர்மனித் தகடு கொடுக்கும் கோயமுத்தூர் ஏஜெண்ட், அதை அங்கேயேதான் அடித்துத் தருகிறான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். பாவி, காசை மிச்சம் பிடிக்கச் சேந்தமங்கலத்துக்குத் தள்ளியிருக்கிறான்.

டீ வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷினின் முதுகை எட்டிப் பார்த்த கதிர்வேலின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, கோயமுத்தூருக்கு அனுப்பக் கொண்டுட்டுப் போற இந்த ஆர்டரு உங்களுதுங்களா? கடைசி எழுத்து மங்கிப் போச்சுன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த மெசின மாட்டுனதும் அடுத்த ஜெர்மனியப் பளிச்சுன்னு அடிச்சுத் தாரேனுங்க!"