இடது புருவம்

“சட்டை நல்லா இருக்கு. பின்னாடி கலர் நல்லா இருக்கு. ஆளுதான் இவரு இல்ல” என்றார் குணசேகர்.

டேப்லெட்டின் மேல் பேனாவை வைத்தபடி அசோகன் பல்லைக் கடித்தான். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியிருந்தது.

ஒரு வாரமாக இதே கூத்து.

போன வருஷம் இறந்துபோன தன் அப்பா ஆரோக்கியதாஸை வரைந்து தரச் சொல்லி ரோஸி கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருஷப் பூசை. ரயில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண் ஒரு நாள், மூக்கு ஒரு நாள் என்று அசோகன் வரைந்து முடித்துவிட்டான். கன்டோன்மென்ட்டில் இறங்கியதும் பிரிண்ட் கடையில் கொடுத்தாக வேண்டும். இன்று விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபிரேம் வராது.

எதிர் சீட்டில் வரும், ரோஸியின் தெருக்காரரான குணசேகருக்கு மட்டும் திருப்தியே வரவில்லை. வாழ்நாளில் ஒரு கோலப்புள்ளிகூட வைத்தறியாத மனிதர், திங்கட்கிழமை காது சரியில்லை என்றார். செவ்வாய்க்கிழமை மீசை. புதன்கிழமை, மொத்தமாகவே யாரோ மாதிரி இருக்கிறதாம்.

தொல்லை தாங்காமல், ஒரு கம்பெனியில் எச்.ஆராக இருக்கும் விஜய்குமார்தான் அவருக்குப் பாடம் நடத்தினான். “அண்ணா, ஃபீட்பேக்னா முதல்ல ரெண்டு நல்லது சொல்லணும். அப்புறம்தான் ஒரு குறை. அதுவும் எதைத் திருத்தணும்னு தெளிவா சொல்லணும்.”

அந்தப் பாடத்தின் பலன்தான் இன்றைய சட்டையும் கலரும்.

“சரிண்ணா, இன்னா திருத்தணும்? தெளிவா சொல்லுங்க” என்றான் அசோகன்.

“தழும்பு. மாமாவுக்கு அது இடது புருவத்துல. நீ வலதுல வெச்சிருக்க. அப்புறம், அவ்ளோ பெருசும் இல்லப்பா. கொஞ்சம் சின்னதாக்கு.”

அசோகனுக்குச் சுருக்கென்றது. படத்திலேயே அவன் ஆசை ஆசையாக வரைந்தது அந்தத் தழும்பைத்தான். சுரங்கத்துக்குள் பாறை பெயர்ந்து விழுந்தபோது பட்ட காயம் என்று ரோஸி சொல்லியிருந்தாள்.

“எதிர்ல நிக்கிறவருக்கு இடதுன்னா நமக்கு வலதுண்ணா. குழப்பிக்காதீங்க.”

“அது எனக்கும் தெரியும். நான் சொல்றது அவரோட இடது.”

“வலதுதாண்ணா” என்றாள் ரோஸி. “ஒரு வருஷமா டாடி போட்டோதான் என் போன்ல இருக்கு. தினம் பார்க்கிறேன். மம்மியும் வலதுன்னுதான் சொல்றாங்க.”

“அப்ப போட்டோ தப்பு” என்றார் குணசேகர்.

பெட்டியே சிரித்தது. இந்த மனிதரின் வாயை இன்றோடு அடைத்துவிடலாம் என்று அசோகன் அந்தப் போட்டோவைத் திறந்து பெரிதாக்கினான். கேமராவைக் கண்டாலே ஓடும் ஆரோக்கியதாஸ், கடைசிக் காலத்தில் புது போன் வாங்கித் தானே எடுத்துக்கொண்ட செல்ஃபி. முகம் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

தழும்பு வலது புருவத்தில்தான் இருந்தது. அசோகன் வெற்றியோடு திரையைத் திருப்பப்போனவன், அப்படியே நின்றான்.

பேனா செருகிய சட்டைப் பாக்கெட்டும் வலது பக்கம் இருந்தது.

குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். விஜய்குமார் சட்டையையும் பார்த்தான். எல்லாருக்கும் பாக்கெட் இடது பக்கம். கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிப் பிடித்துவைத்திருக்கிறது அந்தப் போன்.

தான் வரைந்த படத்துக்குப் போய், அதை இடவலமாகத் திருப்பிப்போடும் பட்டனை ஒரு தட்டு தட்டினான்.

“டாடி” என்றாள் ரோஸி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இப்ப வந்துட்டாரு” என்றார் குணசேகர். இந்தமுறை ரெண்டு நல்லது சொல்ல மறந்துவிட்டார்.

அசோகனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் இந்த மனிதரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பான்.

கன்டோன்மென்ட் வந்துகொண்டிருந்தது. குணசேகர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். ரோஸி விடவில்லை.

“மம்மிக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா இவ்ளோ கரெக்டா தெரியும்? பாறை விழுந்தப்ப நீங்க சின்னப் பையன்தானே?”

குணசேகர் திரும்பாமலே சொன்னார்.

“பாறையெல்லாம் விழலம்மா. புளியங்காய்க்கு நான் விட்ட கல்லு அது. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாருன்னு, உங்க டாடி சாகிறவரைக்கும் பாறை மேலயே பழியைப் போட்டுகினு இருந்தாரு.”