மந்திர வாளை எடுத்துக்கொண்டு போனவள்

"அவ துரோகிடி! கூடவே வந்து, கடைசில மந்திர வாளைத் தூக்கிக்கினு ஓடிட்டா!"

"காடு காடா அந்த வாளைச் சுமந்தது அவதானேக்கா? உன் இளவரசி சும்மா உத்தரவு போட்டுக்கினு வந்தா!"

எதிர்வீட்டு சத்யப்ரியாவும் தங்கை தீபிகாவும் போட்ட கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். சண்டை சொத்துக்கு இல்லை, ஒரு நாவலுக்கு. இளசுகள் படிக்கிற மாயாஜால நாவல்களை யூடியூபில் கிழித்துத் தொங்கவிடுவதுதான் சத்யப்ரியாவின் வேலை.

"கூட இருக்கறவதான் துரோகின்னு எனக்கு ரெண்டாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிபோச்சி. அந்த மக்கு இளவரசிக்குத்தான் தெரியல," என்றாள் அவள்.

அம்மா தேவகி குறுக்கே வந்தாள். "கல்யாணத்த வெச்சிக்கினு கதைக்கா சண்டை? மாப்பிள்ளை பிரேம்நாத் வண்டியோட வாசல்ல நிக்கிறாரு. முகூர்த்தப் புடவைக்குக் கலர் பாத்து நெய்யக் குடுக்கணும். கிளம்புடி சத்யா."

"இவளே போவட்டும்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நிறம்தானே, இவ தோள்ல போட்டுப் பாத்தா போதும். எனக்கு வீடியோ எடுக்கணும்."

தீபிகா முகம் கழுவி, மல்லிகை வைத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஜரிகை பார்க்க, முந்தானை டிசைன் பார்க்க, தறியில் பாதி நெய்ததைப் பார்க்க என்று அவளே பிரேம்நாத்தோடு போய்வந்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு வீடியோ முடியவே இல்லை.

புடவை தறியிலிருந்து இறங்கிய மறுநாள், அதைக் கட்டிக்கொண்டு குமரகோட்டம் முருகன் கோயிலில் பிரேம்நாத் கையால் தாலி வாங்கிக்கொண்டாள் தீபிகா.

இப்போது இருவரும் ஓசூரில் இருக்கிறார்கள். சத்யப்ரியாவை ஆரணியில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் பொம்பளைகள் புத்தகம் படித்தால் பிடிக்காதாம்.