ஒரு டைல் தள்ளி

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் இடது கையால் சுவரைத் தடவியபடி, வலது காலை இழுத்து இழுத்து, கட்டிலிலிருந்து நாற்காலியை நோக்கி வருகிறார். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. "தினமும் இதே கட்டில், இதே நாற்காலி. என்னத்த முன்னேறிட்டேன்?" என்று வழக்கமான புலம்பல். திங்கட்கிழமைதோறும் அவர் கண்விழிக்கும் முன்பே அந்த நாற்காலியை ஒரு டைல் பின்னால் தள்ளி வைப்பது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சொன்னால் மனுஷன் மலைத்துப்போய் நின்றுவிடுவார். கட்டிலை ஒட்டிக் கிடந்த நாற்காலி இப்போது வாசல் கதவருகே வந்துவிட்டது. இன்று மட்டும் அவள் அதைத் தொடவில்லை. ஏனோ விடிந்ததிலிருந்தே மனசு விட்டுப்போய், ஆறிப்போன டீயும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவர் நாற்காலியை எட்டிவிட்டார். ஆனால் உட்காரவில்லை. மூச்சு வாங்க, இடது கையால் அதன் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறார். கிரீச்சென்று அது ஒரு டைல் நகர்கிறது. "இன்னைக்குத் திங்கக்கிழமை. மறந்துட்டியா?" அவள் டம்ளரைக் கீழே வைக்கிறாள். "உங்களுக்குத் தெரியுமா?" "இருபது வருஷம் டைல்ஸ் ஒட்டினவன்கிட்டயேவா?" கோணிப்போன வாய் சிரிக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு டைலையும் நடந்து கடந்து, பொத்தென்று உட்காருகிறார். "அடுத்த வாரம் நீயே தள்ளிடு. நான் பாட்டுக்குப் புலம்புவேன். அதெல்லாம் காதுல போட்டுக்காத."