மஞ்சள் கேன்

மாரண்டஹள்ளிக்கு வெளியே, தக்காளித் தோட்டத்தை ஒட்டிய புது வீட்டின் பின்புறம், நீச்சல் குளத்துக்குள் காலை வெயில் அடித்தரை வரை இறங்கியிருக்கிறது. நீல ஓடுகளின்மேல் ஒளி நெளிகிறது. குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது. சுற்றிலும் புதிதாய்ப் போட்ட கம்பிவேலி, அதன் கதவில் பெரிய பூட்டு. வேலிக்குள் திம்மராயன் நீளக் கழியில் மாட்டிய வலையால் வேப்பிலைகளை அரித்தெடுக்கிறார். சமையலறை வாசலில் அவர் மனைவி சுகுணா நிற்கிறாள்.

“யாரு குளிக்கப் போறாங்கன்னு தெனமும் இதச் சுத்தம் பண்றீங்க? மண்ணக் கொட்டி மூடிருங்க.”

“பாசி புடிச்சா அடி தெரியாது, சுகுணா. அன்னிக்கு எனக்குத் தெரியல.”

அவள் உள்ளே போய்விடுகிறாள். கரண்ட் வந்து தோட்டத்து மோட்டார் தானாக உறுமத் தொடங்குகிறது. அவர் கை நிற்கிறது. அன்று மோட்டாரைப் போட அவர்தான் ஓட வேண்டியிருந்தது. மகனை இந்தக் குளத்தில் விட்டுவிட்டு, அவன் முதுகில் காலிக் கேன் கட்டியிருக்கிறதே என்ற தைரியத்தில் ஓடினார். தோட்டத்துக் கிணற்றில் அவரும் அப்படித்தான் நீந்தப் பழகினார். வலையைக் கீழே வைத்துவிட்டு, வேலியில் தொங்கும் அந்த மஞ்சள் எண்ணெய்க் கேனை எடுக்கிறார். அவனை வெளியே எடுத்தபோது அறுத்த கயிறு அதில் தொங்குகிறது. சின்ன மார்புக்கு அளவாக அவர் போட்ட முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே, அன்று புகுந்த தண்ணீர் குலுங்குகிறது. அதைக் கொட்டாமல் மூடியை இறுக்கித் திருகுகிறார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருக்கிறார்.