ஒன்பது இன்டர்வியூ

"அந்தப் பிள்ளையும் வர மாட்டாளாம் சேர்," என்றாள் பிரியந்தி, போனைக் கையில் பிடித்தபடியே.

இன்சாப் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

ஹட்டன் டவுனில், ஒரு ஃபார்மசிக்கு மேல் மாடியில், எட்டுப் பேரை வைத்து சொஃப்ட்வெயர் கொம்பனி நடத்துகிறவன் அவன். ஆள் சேர்ப்பது பிரியந்தியின் பொறுப்பு. மூன்று மாதமாக ஒரே ஒரு டெவலப்பரைத் தேடுகிறார்கள்.

முதலில் வந்தவன் ஒஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு போய், அதையே காட்டி கொழும்பில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். அடுத்தவன் வேலைக்கு வந்த நாலாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போனான். திரும்பி வந்தது அவனில்லை, அவன் வாட்ஸ்அப் மெசேஜ். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்தால் வேறு மாதிரித் தலைவலி. சேர்ட்டிஃபிகேட் எல்லாம் சரியாக இருக்கும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் பேரை மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் கிருஷாந்தி வந்தாள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில். எழுதச் சொன்ன புரோகிராமை இருபது நிமிஷத்தில் முடித்தாள். இவளை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தான் இன்சாப்.

"ஏனாம்?" என்று கண்ணைத் திறந்தான்.

"காரணம் சொல்லல சேர். 'மன்னிச்சுக்கங்க, வேற ஆளைப் பாருங்க'ன்னா."

அன்று பின்னேரம், கண்டியில் இதே மாதிரிக் கொம்பனி வைத்திருக்கும் துஷாந்துக்குக் கோல் எடுத்துப் புலம்பினான்.

"கிருஷாந்தியா? தலவாக்கலையா?" துஷாந்த் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்கயும் வந்தா மச்சான். செலக்ட் பண்ணுனோம். வரல. எனக்குத் தெரிஞ்சு ஒம்பது கொம்பனிக்கு இன்டர்வியூ போயிருக்கா. ஒண்ணுலயும் சேரல."

"வேலை இல்லாம என்னதான் செய்றா?"

"யார் சொன்னா வேலை இல்லைன்னு? மலேசியாக் கொம்பனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே வேலை செய்றா!"

"அப்ப எதுக்கு இன்டர்வியூ வாறா?"

"பொழுதுபோக்கு போல."

இன்சாப்புக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக அவளுக்கே கோல் எடுத்தான்.

"தங்கச்சி, நீங்க வேலை கேட்டு வந்தீங்களா, வெளையாட வந்தீங்களா?"

"சேர்..."

"ஒங்கள நம்பி நான் ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த மாசம் வேலைய முடிச்சுக் குடுக்காட்டி எங்கட கஸ்டமர் போயிருவான். அவன் போனா இங்க எட்டுக் குடும்பம் நடுத்தெருவுல. இதெல்லாம் ஒங்களுக்குத் தமாஷா?"

"திருப்பி அனுப்புவீங்கன்னு நெனைக்கல. தப்புத்தான் சேர். மன்னிச்சிருங்க."

"ஒங்கள மாதிரி ஆக்களாலதான் தோட்டத்துப் பிள்ளைகள நம்பி ஒருத்தனும் வேலை குடுக்கிறதில்ல!"



"வைக்கிறேன் சேர்," என்றாள்.

கடைசியாகச் சொன்னது அதிகம்தான் என்று இன்சாப்புக்கே பட்டது. ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தனுஷன் என்று ஒருவன் வந்தான். அவனும் தலவாக்கலைப் பக்கம்தான். அப்பா தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கிறவர். இன்சாப் ஆர்வமே இல்லாமல்தான் உட்கார்ந்தான்.

ஐந்து நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பையன் முகத்தைப் பார்த்துப் பேசினான். தன்னைப் பற்றி, தான் செய்த சின்ன மொபைல் அப்பைப் பற்றி, அதில் சொதப்பிய இடத்தைப் பற்றிக்கூடச் சொன்னான். கஷ்டமான ஒரு கேள்விக்கு, "தெரியாது சேர். ஆனா இப்படித் தேடிப் பார்ப்பேன்," என்று போர்டில் எழுதிக் காட்டினான்.

இன்சாப் பிரியந்தியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"கொழும்புல கூடக் குடுப்பாங்களே, போயிர மாட்டீங்களா?"

"அம்மாவுக்கு உடம்புக்கு முடியாது சேர். ஹட்டன்னா வீட்டுல இருந்து வந்துட்டுப் போகலாம்."

"சரி, திங்கக்கிழமை வாங்க." இன்சாப்புக்கு மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "இதுக்கு முந்தி எத்தன இன்டர்வியூக்குப் போயிருக்கீங்க?"

"இதுதான் மொதத் தடவ சேர்."

"மொதத் தடவயா? அப்ப இப்படிப் பேச யாரு பழக்கினது?"

"எங்க தோட்டத்து அக்கா ஒருத்தங்க சேர். எங்க வீடுகள்ல யாரும் இன்டர்வியூக்குப் போனதில்ல. உள்ளுக்கு என்ன நடக்கும்னு கேக்கக்கூட ஆளில்ல. அதுனால அவங்களே லீவு போட்டு ஒவ்வொரு கொம்பனிக்கும் போவாங்க. என்ன கேக்குறாங்க, எப்படிக் கேக்குறாங்கன்னு பாத்துட்டு வந்து, ஞாயித்துக்கெழமையில எங்க பதினாலு பேரையும் ஒவ்வொருத்தரா உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க. இது வரைக்கும் ஒம்பது கொம்பனிக்குப் போய்ட்டாங்க."

பிரியந்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"கிருஷாந்தியா?" இன்சாப்பின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆமா சேர்! ஒங்களையும் தெரியும்னாங்க. நான் பயந்துபோய் வரமாட்டேன்னுதான் சொன்னேன். நேத்துக்கூட, 'அந்தச் சேர் ரொம்ப நல்ல மனுஷன், பயப்படாமப் போய்ட்டு வா'ன்னு அவங்கதான் சொல்லி அனுப்புனாங்க."