பொண்ணுமுழுங்கித் தீவு

“அதோ சவுக்குத் தோப்பு தெரியுது பாருங்க, அதான் பொண்ணுமுழுங்கித் தீவு” என்று கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான் மாரி.

பழவேற்காடு ஏரியில் தீவு தீவாகச் சுற்றிக் காட்டும் கைடு அவன். படகும் அவனுடையது, கதையும் அவனுடையது. மேற்குத் தாம்பரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த குடியிருப்போர் சங்கத்துக் கும்பல் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. எல்லம்மா மட்டும் திரும்பவில்லை.

“பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அந்தத் தீவுப் பொண்ணு. முறைமாமன் ஒருத்தன் தாலியோட காத்துக்கினு கீறான். இவ இன்னாடான்னா, ஐஸ் லாரியில வந்த, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனோட படகேறிப் பூட்டா. அவ அப்பன் கத்தியைத் தூக்கிக்கினு பின்னாலயே வந்தாரு. வந்து பார்த்தா, முகத்துவாரத்துக்கிட்ட படகு கவுந்து கெடக்குது. ரெண்டு பேரையும் கடல் இழுத்துக்கினு பூடுச்சு.”

“பெத்தவங்க வயித்தெரிச்சல் சும்மா விடுமா?” என்று உச்சுக் கொட்டினாள் சங்கத்துக் கும்பலோடு வந்திருந்த தையல்நாயகி.

“நல்ல மாரல் ஸ்டோரிப்பா. வயசுப் பொண்ணுங்க நல்லா கேட்டுக்கணும்” என்றார் சங்கச் செயலாளர் சுந்தரராமன். சொல்லும்போது எல்லம்மாவின் மகள் யூனிஸைத்தான் பார்த்தார்.

எல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில்கூட அவள் புருஷன் சவுரிமுத்து தலைபாடாக அடித்துக்கொண்டான், “அந்த ஊர்ப் பக்கம் வேணாம்மே” என்று. “நான் இன்னா திருடிக்கினா போனேன்?” என்று கேட்டுவிட்டு மகளையும் இழுத்துக்கொண்டு வேன் ஏறியவள் அவள். படகில் கால் வைத்தபோதே மாரியை அடையாளம் தெரிந்துவிட்டது. தாலியோடு காத்துக்கொண்டிருந்த முறைமாமன் இதே மாரிதான். அவனோ முன்னேபின்னே பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல, “பார்த்து ஏறும்மா” என்றான்.

ஆக, வேண்டாமென்று போனதற்கு இத்தனை வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவளைச் சாகடித்துக்கொண்டிருக்கிறான். ஆம்பளை ரோஷம் எதில் எல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்.

அவள் எழுந்து நின்றாள். படகு ஆடியது.

“உக்காரும்மா, சாஞ்சிடும்” என்றான் மாரி.

“உக்கார மாட்டேன். அந்தப் பொண்ணு சாவல. நான்தான் அது.”

தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த முகமெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

“யூனிஸம்மா, என்ன இதெல்லாம், நாலு பேர் முன்னாடி...” என்று இழுத்தார் சுந்தரராமன்.

“வயசுப் பொண்ணுங்க கேட்டுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க, நீங்களும் கேட்டுக்குங்க. இந்த ஊர்லேருந்து ஓடினவதான் நான். கடல்ல முழுவல. அந்த ஐஸ் லாரிப் பையன் இப்போ குரோம்பேட்டையில லேத் ஓட்டுறான். நல்லாத்தான் கீறோம்.”

யூனிஸ் அம்மாவின் கையைப் பிடித்தாள். இழுத்து உட்கார வைக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தார்கள். அவளும் எழுந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எல்லம்மா மாரியிடம் திரும்பினாள். “படகு கவுந்துச்சாமே, யாருகிட்ட கதை உடுற? நைனா படகாச்சேன்னு அக்கரையில முளையில கட்டி, கயித்தை இழுத்துப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏறினேன். மாமான்னு கூப்பிட்ட வாய்க்கு நீ குடுக்கிற மரியாதையா இது?”

மாரி கழியை ஊன்றிப் படகைத் திருப்பினான். அதற்குப் பிறகு அவன் ஒரு தீவையும் காட்டவில்லை. சுந்தரராமன் மட்டும் ரொம்ப அக்கறையாக, “பூநாரையெல்லாம் எந்த மாசம்ப்பா வரும்?” என்று கேட்டுப் பார்த்தார்.

துறையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். எல்லம்மா கடைசியாக இறங்கினாள். மாரி நீட்டிய கையை அவள் தொடவில்லை.

“உங்கப்பா போன தையில தவறிட்டாரு” என்றான் அவன்.

அவளுக்குத் தெரியாது. கால் அப்படியே நின்றுவிட்டது. கத்தியோடு வந்தவன்தான், ஆனாலும் அப்பன்.

“அந்த மனுசன் இருந்தவரைக்கும் இந்தக் கதையை அவர் காதுல விழுறாப்பல சொல்லிக்கினே இருக்க வேண்டியதாப் போச்சு. ‘தாம்பரம் மார்க்கெட்ல உன் பொண்ணாட்டம் ஒருத்தியப் பார்த்தேன்’னு எவனாவது வந்து சொல்லுவான். உடனே கத்தியத் தேடுவாரு. செத்தவ எப்பிடிய்யா மார்க்கெட்டுக்கு வருவான்னு நான் மறுபடி ஆரம்பிப்பேன். அப்பிடியே வாய்க்குப் பழகிப்போச்சு. இன்னியோட உட்டுர்றேன்.”

எல்லம்மா அவனையே பார்த்தாள். “சரி, நான் கட்டிப்போட்ட படகு எப்பிடி மாமா கவுந்துச்சு?”

மாரி கழியைப் படகுக்குள் போட்டான். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“நல்லாத்தான் கட்டியிருந்த எல்லம்மா. உங்கப்பன் வர்றதுக்குள்ள அந்த முடிச்சை அவுத்து, முகத்துவாரம் வரைக்கும் இழுத்தாந்து கவுக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு.”