பூஜ்யத்துக்குக் கீழே

அணையின் உட்சுவரில், பூஜ்யத்துக்குக் கீழே பெயிண்டர் புதிதாக எண் எழுதிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருடமாகக் காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்த்து ஆபீசுக்குச் சொல்கிறவர் பக்கத்தில் நிற்கிறார். நனைந்துவிடுமே என்று செருப்பை மேல்படியில் விட்டுவிட்டு வரும் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளங்காலில் காய்ந்த சேற்றுப் பொருக்கு குத்துகிறது. "எதுவரைக்கும் எழுதணும் சார்?" "தண்ணி தட்டுற வரைக்கும் எழுதுங்க." வானத்தைக் குறை சொல்ல வழியில்லை. இந்த வருட மழையும் வழக்கமான மழைதான், அதையும் அளந்து எழுதியவர் அவரே. வந்ததை மேலாற்றிலேயே தொழிற்சாலைக் குழாய்கள் உறிஞ்சிவிடுகின்றன. ஊருக்கு மிஞ்சுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மிச்சமிருக்கும் குட்டையில் வெயில் தகரம்போல் கிடக்கிறது. ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாய் பாதி வெளியே தெரிய, அது காற்றை இழுத்துக் கொர் கொர்ரென்று இரைகிறது. நீர்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே மூன்றைத் தொட்டால் ஊருக்குத் தண்ணீர் நிறுத்தம். முதலில் ஆபீசுக்குத்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. பெயிண்டர் மூன்றைச் சுழித்து முடிக்கிறார். அதன் காலடியில் தண்ணீர். நீர்மட்டம் பார்க்கிறவரின் கை போனில் ஆபீஸ் எண்ணை விட்டுவிட்டு வீட்டு எண்ணை அழுத்துகிறது. "ஏம்மா, இருக்கிற குடத்தையெல்லாம் ரொப்பி வை. யார்கிட்டயும் சொல்லாத." மனைவி குரலைத் தாழ்த்துகிறாள். "விடியக்காலைல இருந்தே குழாயில காத்துதான்ங்க வருது. தெருவே நம்ம வாசல்ல நிக்குது, உங்களுக்குத் தெரியுமாம், கேட்டுச் சொல்லுன்றாங்க." ஈரமாக இருக்கும் மூன்றின் மேல், காயட்டும் என்று பெயிண்டர் மெல்ல ஊதிக்கொண்டிருக்கிறார்.